மூன்றாம் வரி

நண்டுக் கம்பெனியின் கம்ப்யூட்டர்
காலையிலிருந்து கறுப்பு.
ஆபரேட்டிங் சிஸ்டம் காணவில்லை என்று
வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வாக்கியம்.
பில் சாஃப்ட்வேர் போட ராமநாதபுரத்திலிருந்து வந்த பையன்
அது எதையோ கேட்டதற்கு எதையோ அழுத்திவிட்டு
பத்தேகால் பஸ்ஸைப் பிடித்துப் போயிருந்தான்.

"எல்லாம் போச்சாம்மா?"
சந்தியாகு முதலாளிக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
முப்பது பெண்கள் தலையுறை மாட்டிக்கொண்டு
ஓட்டிலிருந்து சதையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

போகவில்லை என்றேன்.
எழுதியது எழுதிய இடத்தில் அப்படியே கிடக்கிறது.
எது எங்கே தொடங்குகிறது என்று சொல்லும்
அறுபத்து நான்கு பைட் மட்டும் அழிந்துவிட்டது.
வடகடல் இருக்கிறது, தென்கடல் இருக்கிறது,
நடுவில் மண்டபத்தைத்தான் பையன்
துடைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

அவருக்குப் புரிந்த மாதிரி தெரியவில்லை.

போன தடைக்காலத்தில்
படகெல்லாம் கரையில் ஏறிக் கிடந்த ஒரு மதியம்
எடைச்சீட்டின் பின்பக்கம் நாலு வரி எழுதி
இந்தப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டினேன்.
தெர்மல் தாளில் அச்சு வெளுத்துவிடும், அதனால் பால்பாயின்ட்.
அதே டிஸ்கில் சேமித்திருக்கலாம்தான்;
வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டியவர்களை
நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.
"கம்ப்யூட்டருக்குத் தாயத்தா?" என்று
அன்றைக்குச் சிரித்தவர் இவர்தான்.

உப்புக்காற்றில் துருப்பிடித்த நாலு ஸ்க்ரூ.
ஒன்று உடைந்தது.
செலோடேப் மஞ்சளாகி, ஓரத்தில் கரப்பான் முட்டை.
எண்கள் இருந்தன.

பென்டிரைவில் மிஷினைக் கிளப்பி அடிக்கத் தொடங்கினேன்.
முதல் வரி, 2048இல் தொடக்கம்: விண்டோஸ்.
இரண்டாவது, 204802048: அந்த முப்பது பேரின் கூலி, ஓவர்டைம்.
மூன்றாவது, 512002048.

இங்கே கை நின்றது.

மூன்றாவதில் இருப்பது முன்பணம்.
முப்பத்தேழு வள்ளம்.
இருபத்திரண்டாவது பெயர் கட்டுபாவா, என் காக்கா.
எஞ்சினுக்கு வாங்கியது, வலைக்கு வாங்கியது,
மாமி மதுரையில் படுத்திருந்தபோது வாங்கியது,
எண்பத்து நாலாயிரம்.
இந்த வரியை விட்டுவிட்டு நாலாவதற்குப் போனால்
மிஷினுக்கு அது காலி இடம்.
"இது மட்டும் வரலை, முதலாளி."
அவ்வளவு சொன்னால் போதும்.
மேலே எதையாவது எழுதி நிரப்பிவிட்டால்
எந்த ஊர் எஞ்சினியர் வந்தாலும் தோண்ட முடியாது.

கச்சான் காற்று ஷட்டரை உலுக்கியது.
முதலாளி டீ சொல்லி அனுப்பினார், எனக்கும் சேர்த்து.
இஞ்சி அதிகம்.

குடித்துக்கொண்டே அவரைப் பார்த்தேன்.
கொடுத்தது ஒவ்வொன்றும் இந்த மனிதருக்கு மனப்பாடம்.
தேதி, தொகை, யார் சாட்சி, அன்று மழையா வெயிலா,
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.
வந்ததைத்தான் மறந்துவிடுவார்.
மூன்று வருடமாகக் காக்கா
கிலோ கிலோவாக நண்டைக் கொட்டிக் கழித்த
அறுபத்தோராயிரம்
அவர் தலையில் எங்கும் இல்லை.
அது இருப்பது இந்த வரியில் மட்டும்.

அடித்தேன்.
தொடக்கம் 512002048, அளவு 409600000.
நாலாவதையும் அடித்தேன், அவர் மகள் கல்யாண ஆல்பம்.
தாளில் விரலை வைத்து
இலக்கம் இலக்கமாக இரண்டு தடவை சரிபார்த்தேன்.
ஒரு பூஜ்யம் நகர்ந்தால்
கூலிக்குள் கடன் புகுந்துவிடும்.
பிறகுதான் எழுதச் சொன்னேன்.

ரீஸ்டார்ட்.
அந்தப் பழைய நீல ஜன்னல்.
முதலாளி "மாதாவே" என்றார், நான் மனசுக்குள் வேறொன்று.

"ஃபீஸை உங்க காக்கா கணக்குல கழிச்சிக்கவா?"

"வேணாம். எழுநூறு, கையில குடுங்க.
அப்புறம் மூணாவதுல முப்பத்தேழு பேர் கணக்கு இருக்கு.
ஆளுக்கு ஒரு தாள் பிரிண்ட் எடுத்துக் குடுத்துரலாம்,
நாளைக்கு இன்னொரு பையன் வந்தாலும் பயமில்லை.
இங்க் இருக்கா?"

பிரிண்டரைப் பார்த்தார்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தார்.
"இருக்கு" என்றார்,
கொஞ்ச நேரம் கழித்து.